டேங்குக்கு எர்த்து எதுக்குங்க?

எங்க தோட்டத்து ஜீப்புக்குப் போன மாசம் புது பெட்ரோல் டேங்கு போட்டேன். பழசு அடியில துருப்பிடிச்சு கசிய ஆரம்பிச்சிருச்சு. புதுசுக்கு ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிச்சு, தகடு உரசாம இருக்க ரப்பர் பட்டை வச்சு, அலுங்காம உட்கார வச்சேன். பத்து லிட்டர் ஊத்தியும் மீட்டர் முள்ளு காலியிலயே படுத்துக் கிடந்தது. அது ஏன் எந்திரிக்கலைன்னு தேடப்போய்த்தான் இந்தப் பழைய கதையெல்லாம் படிச்சேன்.

ஆரம்பத்துல கார்ல முள்ளே கிடையாது. ஃபோர்டு மாடல் டி 1908-ல வந்து 1927 வரைக்கும் ஒன்றரைக் கோடி வண்டி ஓடுச்சு. பெரும்பாலான வருசம் அதுக்கு டேங்கு முன் சீட்டுக்கு அடியில. பெட்ரோல் ஊத்தணும்னா உட்கார்ந்திருக்கிறவங்க இறங்கி மெத்தையைத் தூக்கணும். எவ்வளவு இருக்குன்னு பார்க்க மரக்குச்சியை உள்ள விட்டு நனைஞ்ச அளவைப் பார்க்கணும். பம்பும் இல்லை. தொட்டியில இருந்து வாய்க்காலுக்குத் தண்ணி பாயற மாதிரி கார்புரேட்டருக்குத் தானா இறங்கும். பெட்ரோல் கம்மியா இருக்கிறப்ப செங்குத்து மேட்டுல போனா இஞ்சின் டேங்கை விட உசரத்துக்குப் போயிரும், வண்டி நின்னுரும். அதனால அமெரிக்காவுல மேட்டை ரிவர்ஸ்லயே ஏறினாங்க!

அடுத்து வந்த மாடல் ஏ-யில டேங்கு டேஷ்போர்டுக்கு முன்னாடியே, காலுக்கு நேர் மேல. கார்க் மிதவை நேரா அளவைக் காட்டும், கரண்டு வேண்டாம். பெட்ரோல் தொட்டியை மடியில வச்சுட்டு ஓட்டற மாதிரிதான். மத்த கம்பெனிக டேங்கைப் பின்னாடி கொண்டு போச்சு. அங்கிருந்து இழுக்க முதல்ல வேக்கம் டேங்கு, அப்புறம் பம்பு வந்தது. தூரத்துல இருக்கிற டேங்கைப் பார்க்க கரண்டு மீட்டரும் வந்தது.

அந்த மீட்டர்ல டேங்குக்குப் போறது ஒரே ஒயர். மிதவை ஏறி இறங்கறப்ப ரெசிஸ்டன்ஸ் மாறும், அதுக்கேத்த மாதிரி முள்ளு நகரும். கரண்டு திரும்பி வர்ற வழி வண்டியோட இரும்புதான். அதைத்தான் எர்த்துங்கறோம். (தோட்டத்து மோட்டருக்கு உப்பும் கரியும் போட்டுப் புதைக்கிற எர்த்து வேறங்க.)

ரெண்டாம் உலகப்போருக்காக வில்லிஸும் ஃபோர்டும் ஆறு லட்சத்துக்கு மேல ஜீப் செஞ்சாங்க. அதுல டேங்கு மறுபடி டிரைவர் சீட்டுக்கு அடியில வந்திருச்சு. ரேடியோவுக்குன்னு தயார் பண்ணின ஜீப்புகள்ல இஞ்சின், பானட், பாடின்னு ஒவ்வொண்ணையும் செம்புப் பின்னல் பட்டையால இணைச்சாங்க, இரைச்சல் வராம இருக்க. பெயிண்ட் அடிச்ச தகட்டை நம்ப முடியாதுன்னு அவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. போருக்கு அப்புறம் மகிந்திரா பம்பாயில வில்லிஸ் ஜீப்பைக் கூட்டிச்சேர்க்க ஆரம்பிச்சது. எங்களுது அந்த வம்சம். எங்க ஐயன் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) செகண்ட் ஹேண்டா வாங்கினது.

மெக்கானிக்கு வந்து எட்டிப்பார்த்ததும் சிரிச்சுட்டாரு. "பெயிண்டு அழகா இருக்குதுங்ணா. கரண்டு எந்த வழியில போகும்?" சுத்தியும் பெயிண்ட், அடியில ரப்பர், பெட்ரோல் லைனும் ரப்பர் ஹோஸ். டேங்கு வண்டிக்குள்ளயே தனித்தீவா நின்னிருக்கு. முள்ளு எந்திரிக்காதது சின்ன விசயம்னாரு. பெட்ரோல் பாயறப்பவே நிலைமின்சாரம் சேருமாம். போக வழியில்லாத டேங்குல அது நின்னு, பங்க்ல குழாய் கிட்ட வர்றப்ப பொறியாத் தாவலாம்.

எனக்கு வயிறு கலங்கிருச்சு. ரெண்டு நாளா அந்த சீட்டு மேலதான் பேத்தியை உட்கார வச்சு ஓட்டிட்டிருந்தேன். பங்க்ல கூட இறக்கி விடலை.

மொதல்ல பேட்டரியைக் கழட்டினாரு. பக்கத்துல ஒரு வாளி மணல். மிதவை யூனிட்டோட ஒரு திருகுக்கு அடியிலயும், சேஸிஸ்ல ஒரு போல்ட்டுக்கு அடியிலயும் பெயிண்டைப் பளிச்சுன்னு சுரண்டி, முழ நீள ஒயரை முறுக்கினாரு. பேட்டரியை மாட்டி சாவியைத் திருப்பினதும் முள்ளு மெல்ல எந்திரிச்சது.

எனக்கு நம்பிக்கை வரலை. ஐயன் வெட்டு வெட்டி வச்ச மூங்கில் குச்சி இன்னும் சீட்டுக்குப் பின்னாடி கிடக்குது. விட்டுப் பார்த்தேன். பத்து லிட்டர் வெட்டுக்கு ஒரு விரக்கடை கீழ நனைஞ்சிருந்தது. ரெண்டு நாள் ஓட்டினதைக் கழிச்சா கணக்கு சரிதான்.