முதுமையும் அறிவின் சேமிப்பும்

முதுமையில் நினைவு ஏன் தளர்கிறது என்பது தொன்மையான வினா. கி.பி. 10ஆம் நூற்றாண்டில் கைரவான் நகரில் வாழ்ந்த மருத்துவ மேதை இப்னுல் ஜஸ்ஸார், மறதியையும் அதன் சிகிச்சையையும் குறித்துத் தனி நூலொன்று எழுதினார்; முதியோரின் உடல்நலம் பேணுவதற்கென்று மற்றொரு நூலும் யாத்தார். யூனானி மரபில் வந்த அக்கால மருத்துவர்கள், மூளையில் குளிர்ச்சியும் ஈரமும் மிகுவதே மறதிக்குக் காரணம் எனக் கொண்டனர்.

1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், நினைவிழந்து இறந்த ஒரு பெண்மணியின் மூளையில் படிவுகளையும் நரம்பிழைச் சிக்கல்களையும் கண்டு அறிவித்தார். மூளை எவ்வளவு சிதைகிறதோ அவ்வளவு அறிவும் தளரும் என்னும் கருத்து பின்னர் வலுப்பெற்றது.

அக்கருத்தை 1988இல் வெளியான ஓர் ஆய்வு அசைத்தது. முதியோர் இல்லத்தில் வாழ்ந்து மறைந்த 137 பேரின் மூளைகளை ராபர்ட் காட்ஸ்மன் குழுவினர் ஆராய்ந்தனர். அவர்களுள் பத்துப் பேரின் மூளையில் அல்சைமர் நோயின் அடையாளங்கள் இருந்தன. எனினும் வாழ்ந்த காலத்தில் அவர்களின் சிந்தனை தெளிவாகவே இருந்தது. அவர்களின் மூளை கனமாகவும், பெரிய நரம்பணுக்கள் மிகுந்தும் காணப்பட்டன. ஏதோ ஒரு சேமிப்பு அவர்களைக் காத்தது என ஆய்வாளர் கருதினர்.

இச்சேமிப்பு எப்போது திரள்கிறது? டேவிட் ஸ்னோடன் 1986இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வு இங்கே ஒளி தருகிறது. அதில் 678 கத்தோலிக்கத் துறவியர் பங்கேற்று, இறப்புக்குப் பின் தம் மூளையை ஆய்வுக்கு வழங்க இசைந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் ஏறத்தாழ 22 வயதில் எழுதிய தன்வரலாறுகள் மடங்களில் பேணப்பட்டிருந்தன. கருத்துச் செறிவோடு எழுதியவர்களிடம் முதுமையில் நினைவுச் சிதைவு குறைந்திருந்ததாக 1996இல் அறிவிக்கப்பட்டது. இளமை மொழித்திறன் சேமிப்பின் ஊற்றா, அன்றி நோயின் தொலைதூர முன்னறிகுறியா என்ற ஐயமும் உடன் எழுந்தது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யாகோவ் ஸ்டெர்ன், கல்வியும் தொழிலும் இச்சேமிப்பை வளர்ப்பதை விளக்கினார். ஆனால் கல்வி கேடயமன்று. அது தளர்ச்சியைத் தள்ளிப்போடுகிறது; நோய் வெளிப்பட்டபின் கற்றோரிடம் சரிவு விரைவாகவே நிகழ்கிறது. ஆகவே, கற்றறிந்த பெரியவர் ஒருவர் மறதிக்கு ஆளானால் அதை அவருடைய குறையென எண்ணுவது அநீதி.

நினைவுச் சிதைவுக்கு வழிவகுக்கும் தடுக்கத்தக்க 14 காரணிகளை 2024இல் லான்செட் ஆணையம் பட்டியலிட்டபோது, இளமைக் கல்விக் குறைவையும் அவற்றுள் சேர்த்தது. ஒரு சிறுமியின் படிப்பை நாம் பாதியில் நிறுத்தும்போது, அறுபது ஆண்டுகளுக்குப் பின் அவளுக்கு உதவவேண்டிய சேமிப்பிலும் கைவைக்கிறோம்.