பொய்க் கணக்கைக் கண்டுபிடிப்பது யார் வேலை?

ஜீவனாம்சம்னு சொன்னாலே நமக்கு கோர்ட் வராண்டாதான் ஞாபகம் வரும். 1993 ஏப்ரலில் பிரிட்டன் வேற ஒரு வழிக்குப் போனது. பிரிந்த பெற்றோரின் குழந்தைக்கான பராமரிப்புத் தொகையைப் பெரும்பாலும் கோர்ட்டிலிருந்து எடுத்து, சைல்டு சப்போர்ட் ஏஜென்சி என்ற அரசு அலுவலகத்திடம் கொடுத்தார்கள். அரசே கணக்குப் போடும், அரசே வசூலிக்கும். கேட்க நல்லாத்தான் இருந்தது.

ஆனா அரசின் சந்தேகம் முதலில் யார்மேல விழுந்தது தெரியுமா? அம்மாமேல! அரசு உதவித்தொகையில் வாழும் ஒரு தாய், தகுந்த காரணம் இல்லாமல் அப்பாவின் விவரத்தைத் தர மறுத்தால், அவருடைய உதவித்தொகையில் கை வைத்தார்கள். அப்பாவிடம் வசூலான பணமும் அந்த உதவித்தொகையில் கழிக்கப்பட்டது. குழந்தைக்கு லாபம் இல்லை, மிச்சமானது கஜானாவுக்கு.

சரி, அப்பா பொய் சொன்னா? மாதச் சம்பளக்காரர் வருமானத்தை மறைப்பது கஷ்டம். சொந்தத் தொழில் செய்பவருக்கு அப்படி இல்லை. 2012-இல் இதற்கு ஒரு தீர்வு வந்தது. சைல்டு மெயின்டனன்ஸ் சர்வீஸ் என்ற புதிய அமைப்பு, வருமான வரித்துறையிடம் இருக்கும் கணக்கை நேரடியாக எடுத்துக்கொண்டது. புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஓட்டையும் அங்கேதான் இருந்தது.

ஒருத்தர் சொந்தமா கம்பெனி வைத்திருக்கிறார்னு வச்சுக்கோங்க. தனக்குச் சின்னதா ஒரு சம்பளம் போட்டுக்கொண்டு, மீதியை டிவிடெண்டாக எடுக்கிறார். டிவிடெண்டும் வீட்டு வாடகையும் அந்த முதல் கணக்கில் தானாகச் சேராது. அந்தத் தாய் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 2018-இல் இன்னொரு விதி வந்தது: 31,250 பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தால், அதன் மதிப்பில் 8 சதவீதத்தை வருமானமாகக் கருதலாம். அதற்கும் அவர்தான் கேட்க வேண்டும்.

நிதி மோசடியை விசாரிக்கத் தனிப் பிரிவு இருக்கு. ஆனா பெரும்பாலும் தாய் சந்தேகத்தைக் கிளப்பினால்தான் ஃபைல் அங்கே போகும். அவரிடம் என்ன ஆதாரம் இருக்கும்? முன்னாள் கணவர் புது கார் வாங்கியதை யாரோ சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான்.

என் கருத்து இதுதான். வரிக் கணக்கும் சொத்துப் பதிவும் அரசின் கையில் இருக்கு. விசாரிக்கும் அதிகாரமும் அரசிடம்தான். அப்புறம் துப்பறியும் வேலையை மட்டும் ஏன் தாயிடம் தள்ளணும்? அரசு கண்டுபிடிக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் குறைவது அந்தக் குழந்தையின் சாப்பாட்டுக் காசு.