நிற ஆழம்

நிற ஆழம் (பெயர்ச்சொல்): திரையின் ஒரு பிக்சலின் நிறத்தைக் குறிக்க ஒதுக்கப்படும் பிட்டுகளின் எண்ணிக்கை.

'பைனரி டிஜிட்' என்ற தொடரைச் சுருக்கி 'பிட்' என்ற சொல்லை உருவாக்கியவர் ஜான் டூக்கி. 1948இல் கிளாட் ஷானனின் கட்டுரை வழியே அது பரவியது. ஒரு பிக்சலுக்கான பிட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த தளங்களாகக் கொண்டால், அத்தளங்களின் எண்ணிக்கையே ஆழம்.

ஒரு பிட் கூடினால் நிறங்கள் இரு மடங்காகும். 1 பிட்டில் 2 நிறங்கள். 8 பிட்டில் 256. 16 பிட்டில் 65,536. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 8 பிட் வீதம் 24 பிட் தந்தால் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும். ஆழம் குறைந்தால், அந்தி வானம் போன்ற படங்களில் நிறம் சீராக மாறாமல் பட்டை பட்டையாகத் தெரியும்.

வழக்கில் இச்சொல்லுக்கு இரு அளவைகள் உண்டு. '24 பிட் நிறம்' என்பது பிக்சலின் மொத்தக் கணக்கு. '10 பிட் திரை' என்பதோ ஒரு முதன்மை நிறத்துக்கான கணக்கு. ஒவ்வொன்றிலும் 1,024 படிநிலைகள், மொத்தம் 30 பிட்.