பெஞ்சில் உட்கார்ந்த மூவர்

கேப் டவுனின் நடுவே, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் காய்கறி பயிரிட்ட தோட்டம் இன்று பொதுப் பூங்கா. அங்குள்ள தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் ஒரு சிற்பம், பார்த்தவர்களை எளிதில் விடுவதில்லை. சாதாரண மர பெஞ்சு. அதில் ஆளுயரத்தில் மூன்று ஆண்கள். பெயர் ‘கசாப்புப் பையன்கள்’. ஜோகன்னஸ்பர்கில் 1959இல் பிறந்த ஜேன் அலெக்சாண்டர், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவியாக இருந்தபோது 1985–86இல் செய்தது.

கழுத்துக்குக் கீழே மூவரும் கட்டுமஸ்தான மனிதர்கள். பிளாஸ்டரில் வார்த்து எண்ணெய் வண்ணம் பூசிய வெளிறிய தோல், தளர்ந்து கிடக்கும் கைகள், பேருந்துக்குக் காத்திருப்பவர்களின் அலட்சியம். தலையில்தான் மிருகம் குடியேறியிருக்கிறது. நெற்றியின் மேல் நிஜ விலங்குகளின் கொம்புகள். காதுமடல் இருக்க வேண்டிய இடத்தில் குழி. வாயே இல்லை, தோல் மூடி வளர்ந்திருக்கிறது. கண்கள் மட்டும் கறுத்துப் பளபளக்கின்றன. பின்னால் போய்ப் பார்த்தால் முதுகுத்தண்டு பிளந்து எலும்பு தெரிகிறது.

இதைச் செய்த நாட்களில் வெளியே நடந்ததைச் சொல்லாமல் இந்த உருவங்களைப் பற்றிப் பேச முடியாது. 1985 ஜூலையில் தென்னாப்பிரிக்க அதிபர் பி. டபிள்யூ. போத்தாவின் நிறவெறி அரசு பல மாவட்டங்களில் நெருக்கடி நிலையை அறிவித்தது. மறு ஆண்டு ஜூனில் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. விசாரணையில்லாமல் யாரையும் அடைத்துவைக்கலாம். கலவரப் படங்களை வெளியிடப் பத்திரிகைகளுக்குத் தடை. ஒடுக்குமுறை அலெக்சாண்டரின் குடும்பத்துக்கும் புதிதல்ல: அவர் தந்தை, நாஜி ஆட்சியில் 1936இல் பெர்லினை விட்டு வெளியேறியவர்.

மூடிய வாய், ஒடுக்கப்பட்டவர்களின் அடைபட்ட குரல் என்று சிலர் வாசிக்கிறார்கள். அந்த உடல்களின் திமிர் அதற்கு ஒத்துவரவில்லை. இவர்கள் கசாப்புக்காரர்கள், வேலைக்கு நடுவே சற்று ஓய்வெடுப்பவர்கள். காது, ஊரின் கூக்குரல் கேட்காத வெறும் குழியாகிவிட்டது. ஆனாலும் முதுகில் அந்தப் பிளவு இருக்கிறதே! கொடுமை, அதைச் செய்தவனின் உடம்பையும் தின்றிருக்கிறது. அலெக்சாண்டர் விளக்கம் சொல்வதைத் தவிர்ப்பவர். அதனால் இரண்டு வாசிப்பும் உயிரோடு இருக்கின்றன.

அந்த பெஞ்சையும் கவனிக்க வேண்டும். 1953ஆம் ஆண்டின் தனி வசதிகள் சட்டம், பூங்கா பெஞ்சைக்கூட ‘வெள்ளையருக்கு மட்டும்’ ஆக்கிவைத்திருந்த நாடு அது.

சிற்பம் முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1989 நவம்பரில், டிர்க் கூட்சியா என்ற முன்னாள் போலீஸ் அதிகாரி ஆப்பிரிகான்ஸ் வார இதழ் ஒன்றில் வாய் திறந்தார். பிரிட்டோரியா அருகே ஃபிளாக்பிளாஸ் பண்ணையிலிருந்து இயங்கிய போலீஸ் கொலைப்படைக்குத் தலைமை வகித்தவர். பின்னாளில், நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் அவர் சொன்னதில் ஒன்று: சிஸ்வே கொண்டிலே என்ற இளைஞரைக் கொன்று சடலத்தை எரித்தார்கள். அது சாம்பலாக மணிக்கணக்கில் ஆனது. பக்கத்திலேயே கறி சுட்டுத் தின்று, குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பின் உடல்மொழியை ஒரு மாணவி பிளாஸ்டரில் முன்பே வடித்துவைத்திருந்தார் என்பதுதான் இந்தச் சிற்பத்தின் பெருமை.

1991இல் கலைக்கூடம் அதை வாங்கியது. 2012இல் ‘டி ஆன்ட்வூர்ட்’ இசைக்குழு தன் விளம்பரக் காணொளியில் இதே சாயலில் ஓர் உருவத்தை உலவவிட்டது. அலெக்சாண்டரின் வழக்கறிஞர்கள் ஆட்சேபிக்க, காணொளி நீக்கப்பட்டது. ஆட்சேபம் நியாயமானதே. நெருக்கடி நிலையிலிருந்து பிய்த்தெடுத்தால் அந்தக் கொம்பு வெறும் பேய்ப்பட ஒப்பனையாகிவிடும்.

நிறவெறி ஆட்சி போன பிறகும் அவர் மிருக முகங்களைக் கைவிடவில்லை. 2008–10இல் உருவான ‘காலாட்படை’யில் ஆப்பிரிக்கக் காட்டுநாயின் தலையும் மனித உடலுமாக 27 உருவங்கள் சிவப்புக் கம்பளத்தின் மேல் அணிவகுத்து நிற்கின்றன. எந்த நாட்டுப் படை என்று காட்டச் சீருடையோ கொடியோ அவற்றிடம் இல்லை.