கறைபட்ட பற்களும் குடிநீரும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

பற்களின் வளர்ச்சிக் குறைபாடுகள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பல்மருத்துவ நூல்களுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. வரலாற்று மாணவரின் கவனத்தை அவை ஈர்ப்பதில்லை. ஆயினும் ஒரு சமூகத்தின் பிள்ளைகள் எத்தகைய நீரை அருந்தி வளர்ந்தனர், அந்நீரை அவர்களுக்கு வழங்கியோர் யாவர், அதனால் நேர்ந்த கேட்டை முதலிற் கண்டுகொண்டோர் யாவர் என்னும் வினாக்களுக்கு விடைதரத்தக்க சான்றொன்று அப்பிள்ளைகளின் வாய்க்குள்ளேயே இருக்கின்றது. புளோரைட்டு மிகுந்த நீரினாற் பற்களின் மிளிரியில் (எனாமலில்) உண்டாகும் கறையையே இங்குக் கருதுகின்றோம். இக்கறையின் காரணம் 1931 ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டுவிட்டது. அவ்வாறிருந்தும் இலங்கையின் உலர் வலயச் சிறார்களின் பற்களில் அது இன்றும் காணப்படுவது ஏன் என்பதே நாம் எழுப்ப விரும்பும் வினா.

மிளிரி உடலின் ஏனைய பகுதிகளைப் போன்றதன்று. முறிந்த எலும்பு பொருந்தும். புண்பட்ட தோல் ஆறும். மிளிரியை ஆக்கும் கலங்களோ பல் முளைக்கும் வேளையில் அழிந்துவிடுகின்றன. பின்னர் அதனைத் திருத்துவார் எவருமிலர். நிரந்தர முன்பற்களின் முடிப்பகுதி குழந்தை பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி ஏறத்தாழ ஐந்து வயதளவில் நிறைவுறுகின்றது. இக்காலத்திற் புளோரைட்டு மிகையாக உட்செல்லின், மிளிரியிலுள்ள புரதம் அகன்று கனியுப்புகள் செறியும் செயல் குன்றி, மேற்பரப்பின் கீழே நுண்ணிய துளைகள் எஞ்சிவிடுகின்றன. அத்தகைய பல் சுண்ணாம்பு தடவினாற்போன்ற வெண்மையுடன் முளைத்து, வாயிற் சேரும் சாயப்பொருள்களை உறிஞ்சிக் காலப்போக்கிற் கபில நிறம் அடைகின்றது. எனவே பத்து வயதுச் சிறுமியின் முன்பல்லில் நாம் காண்பது அவள் இரண்டு வயதிற் குடித்த நீரின் பதிவாகும். தேய்த்துத் துலக்கி அதனைப் போக்கவியலாது. இதனை வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. துப்புரவின்மை என்றும், தாயின் கவனக்குறைவு என்றும், வெற்றிலைப் பழக்கம் என்றும் பழியைக் கறையுடையோர் மீதே சுமத்தும் வழக்கம் நம்மிடையே நன்கு வேரூன்றியுள்ளது.

இக்குறைபாட்டை எழுத்திற் பதிந்த முன்னோடிகளுள் ஒருவர் ஈகர் என்னும் அமெரிக்க அரச மருத்துவர். இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில், அமெரிக்காவுக்குப் புறப்படும் குடிபெயர்வோரைப் பரிசோதிப்பது அவர் கடமை. அண்டையிலுள்ள பொற்சுவோலிப் பகுதியிலிருந்து வந்தோரின் பற்களிற் கருங்கறையைக் கண்டு 1901 இல் அவர் அறிக்கை எழுதினார். எரிமலை நிலத்தின் ஆவிகள் வளியிலோ நீரிலோ கலப்பதே காரணம் என்ற கருத்து அதில் இடம்பெற்றது. உழைப்பை விற்கக் கடல்கடந்த வறியோரின் உடல், குடிவரவுச் சோதனையின்போதே முதன்முதல் அறிவியலின் பார்வைக்கு வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

அதே ஆண்டிற் பிரெடெரிக் மெக்கே என்னும் இளம் பல்வைத்தியர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரிற் குடியேறினார். அங்குப் பிறந்து வளர்ந்தோர் பலரின் பற்கள் கபிலமாய் இருந்தன. உள்ளூர் மக்களிடம் விளக்கங்களுக்குக் குறைவில்லை: பன்றியிறைச்சியை மிகுதியாக உண்பது, தரங்குறைந்த பால், சுண்ணம் மிகுந்த நீர். இவற்றுள் மூன்றாவது உண்மையின் வாயிலில் வந்து நின்றது. ஆனால் நூல்களிற் குறிப்பிடப்படாத நோயொன்று இருத்தல் கூடும் என்பதையே மெக்கேயின் சகபாடிகள் நம்பவில்லை. அமெரிக்கப் பல்மருத்துவத்தின் தலைமகனாகக் கருதப்பட்ட ஜி. வி. பிளாக்கும் தொடக்கத்தில் ஐயுற்றார். 1909 இல் நேரில் வந்து கண்டபின்னரே, நகரிற் பிறந்த சிறார்களுட் பத்தில் ஒன்பது பேரளவில் இக்கறை இருப்பதை அவர் ஏற்றுக்கொண்டார். பிளாக் 1915 இற் காலமானார். இருவர் உழைப்பின் பயனும் 1916 இல் வெளிவந்தது. இது பல் உருவாகும் காலத்தில் நேரும் வளர்ச்சிக் குறைபாடு என்பதும், பல் முளைத்தபின் வந்து குடியேறியோரை இது தீண்டாது என்பதும் அதில் தெளிவாயின. வியப்பான செய்தியொன்றும் வெளிப்பட்டது. கறைபட்ட பற்கள் எளிதிற் சொத்தையாவதில்லை.

மெக்கேக்கு வழிகாட்டியோர் பெற்றோரே. ஐடகோ மாநிலத்தின் ஓக்லி என்னும் சிற்றூரில், ஐந்து மைல் தொலைவிலுள்ள வெந்நீரூற்றிலிருந்து பொதுக்குழாய் அமைக்கப்பட்ட பின்னரே பிள்ளைகளின் பற்களிற் கறை தோன்றியதாகப் பெற்றோர் கூறினர். 1923 இல் அங்குச் சென்ற மெக்கே, அந்நீரிற் குறையெதனையும் சோதனைகள் காட்டாதபோதும், குழாயைக் கைவிடுமாறு அறிவுரை கூறினார். ஊரவர் 1925 இல் வேறு ஊற்றுக்கு மாறினர். சில ஆண்டுகளுக்குள் இளைய பிள்ளைகளின் நிரந்தரப் பற்கள் கறையின்றி முளைத்தன. ஆய்வுகூடம் காணாததை ஊர் கண்டிருந்தது.

ஆய்வுகூடத்தின் கண் திறந்த விதம் இன்னும் சுவையானது. ஆர்க்கன்சோ மாநிலத்தின் போக்சைற்று என்னும் ஊர் அலுமினிய நிறுவனமாகிய அல்கோவாவின் உடைமை. சுரங்கத் தொழிலாளரின் வீடும் நீரும் நிறுவனம் வழங்கியவை. 1909 இல் அவ்வூர் ஆழங்குறைந்த கிணறுகளை விட்டு ஆழ்கிணறுகளுக்கு மாறியது. அதன்பின் பிறந்த பிள்ளைகளின் பற்கள் கறைபட்டன. ஐந்து மைல் அப்பாலுள்ள ஊரில் அவ்வாறில்லை. மெக்கேயும் பொதுச் சுகாதார சேவையைச் சேர்ந்த கெம்ப்பும் இதனை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, பென்சில்வேனியாவிலிருந்த அல்கோவாவின் தலைமை இரசாயனர் சேர்ச்சிலின் கைக்குக் கிட்டியது. அலுமினியப் பாத்திரத்திற் சமைத்தல் நஞ்சு என்ற பிரசாரத்தை மறுத்துரைப்பது அக்காலத்தில் அவருடைய அலுவல்களுள் ஒன்று. நிறுவனத்தின் ஊரிலேயே இத்தகைய நோய் என்பது வெளிப்படின் வணிகம் என்னாகும் என அவர் அஞ்சினார். வழமையான சோதனைகள் தேடாத மூலகங்களையும் காட்டும் நிறமாலைப் பகுப்பாய்வுக்கு நீர் உட்படுத்தப்பட்டது. 10 இலட்சம் பங்கு நீரில் 13.7 பங்கு புளோரைட்டு இருந்தது. முடிவை நம்பாமல் மீண்டும் மாதிரி எடுப்பித்தார். மீண்டும் அதே விடை. 1931 இல் மெக்கேக்கு எழுதி, கறையுள்ள ஏனைய ஊர்களின் நீரையும் வருவித்துச் சோதித்தார். யாவற்றிலும் புளோரைட்டு மிகுந்திருந்தது.

முப்பதாண்டுகளாக ஓர் ஊர்ப் பல்வைத்தியர் பொதுப்பணமின்றி அலைந்து தேடிய விடை, ஒரு தொழிற்பேரகத்தின் நற்பெயருக்கு ஊறு நேரும் எனத் தோன்றியவுடன் குறுகிய காலத்திற் கிட்டியது. இதிலிருந்து சேர்ச்சிலின் ஆய்வே பொய் என்றோ, பின்னர் வந்த புளோரைட்டுக் கொள்கை முழுவதும் நிறுவனச் சதி என்றோ கூறுவோர் உளர். அவர்களுடன் நாம் உடன்படுவதற்கில்லை. அதே ஆண்டில் அரிசோனாப் பல்கலைக்கழகத்திற் மார்கரெட் சிமித்தும் அவர்தம் குழுவினரும் நிறுவனத் தொடர்பு எதுவுமின்றி, கறையுள்ள ஊரின் நீரைச் செறிவாக்கி எலிகளுக்கு ஊட்டி இதே முடிவை அடைந்தனர். எமது கருத்து வேறு. உண்மை எது என்பதை ஆய்வுகூடம் முடிவுசெய்கிறது. எந்த உண்மையை எப்போது தேடுவது என்பதை ஆய்வுகூடத்தின் உடைமையாளரும் முடிவுசெய்கின்றனர்.

1937 ஆம் ஆண்டு இரு வேறு நிலங்களிலிருந்து செய்திகளைக் கொணர்ந்தது. கோப்பன்ஹேகனில், அலுமினிய உற்பத்திக்கும் பயன்படும் கிறையொலைற்றுக் கனியத்தின் தூசியில் உழைத்த தொழிலாளரின் எலும்புகள் இறுகியிருந்ததை ரோஹோம் தமது நூலில் விரித்துரைத்தார். சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்திற் கிணற்று நீரை நம்பி வாழ்ந்த விவசாயிகளிடையே அதே கேட்டினைக் கிண்டி நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட்டும் அவர்தம் துணைவரும் கண்டனர். அங்குப் பல்லின் கறை தொடக்க அடையாளம் மட்டுமே. நடுவயதை எட்டியவர்களின் முதுகெலும்பு மூங்கிற்கழிபோல் விறைத்து, நரம்புகள் நெருக்குண்டு, நடப்பதும் அரிதாகியிருந்தது. ஊட்டக்குறைவு நோயைக் கடுமையாக்குகின்றது என்பதைத் தென்னிந்தியாவில் 1940 இல் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியது.

ஆனால் ஆய்வுலகின் பெருங்கவனம் இதற்குள் வேறு திசையிற் சென்றுவிட்டது. சொத்தை குறைவு என்ற மெக்கேயின் பழைய குறிப்பைப் பற்றிக்கொண்டு, கறை தோன்றாமலும் சொத்தை குறையுமாறும் நீரில் எவ்வளவு புளோரைட்டு இருத்தல் வேண்டும் என டிரென்லி டீன் ஆராய்ந்தார். 10 இலட்சத்திற்கு 1 பங்கு என்பது அவர் கண்ட அளவு. 1945 சனவரி 25 இல் மிச்சிகனின் கிராண்ட் ரப்பிட்ஸ் நகர நீரிற் புளோரைட்டு சேர்க்கப்பட்டது. சிறாரின் சொத்தை வெகுவாகக் குறைந்தது. அச்சாதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் "எவ்வளவு சேர்ப்பது" என்ற வினா நகரங்களின் வினா. "எவ்வாறு நீக்குவது" என்பது கிணற்றை நம்பிய கிராமங்களின் வினா. முன்னதற்குப் பெருநகர நீர்வழங்கற் சபைகளும் செல்வமும் துணைநின்றன. பின்னதற்குப் படிகாரத்தையும் சுண்ணாம்பையும் கொண்டு நீக்கும் எளிய முறையொன்று, இந்தியாவின் நல்கொண்டா மாவட்டத்தின் பெயரால், 1970களிலேயே பரவத் தொடங்கியது.

இனி எமது நாட்டுக்கு வருவோம். அனுராதபுரம், பொலன்னறுவை, வவுனியா முதலான உலர் வலயப் பகுதிகள் தொன்மையான உருமாறிய பாறைகளின்மேல் அமைந்தவை. அப்பாறைகளின் கனியங்களிலிருந்து புளோரைட்டு நிலக்கீழ் நீரிற் கரைகின்றது. மழை மிகுந்த ஈர வலயத்திற்போல அது கழுவுண்டு போவதில்லை. இவ்வேறுபாட்டினைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சி. பி. திசாநாயக்கவும் பிறரும் 1980களில் நாடளாவிய நீரியல் வரைபடங்களாகவே வெளியிட்டனர். அதே பத்தாண்டுதான் ஐக்கிய நாடுகள் சபை பாதுகாப்பான குடிநீருக்கென ஒதுக்கிய 1981-1990 காலம். வயிற்றோட்டத்தைத் தடுக்கும் நன்னோக்குடன் கைப்பம்பி பூட்டிய குழாய்க்கிணறுகள் உலர் வலயமெங்கும் தோண்டப்பட்டன. கிருமியற்ற அந்நீர் பல இடங்களிற் புளோரைட்டு மிகுந்ததாயிருந்தது. போக்சைற்று ஊரில் 1909 இல் நிகழ்ந்தது யாதோ, அதுவே இங்கும் நிகழ்ந்தது. ஆழத் தோண்டியோர் நீரின் அளவைப் பார்த்தனர், பாறையைப் பார்க்கவில்லை.

அளவு பற்றியும் ஒரு சொல். டீன் ஆராய்ந்த நகரங்கள் பெரும்பாலும் குளிர்ந்தவை. வெப்பம் மிகுந்த ஊரிற் பிள்ளை மிகுதியாக நீரருந்தும் என்பதால் ஏற்ற அளவு குறையும் என அமெரிக்க ஆய்வாளர்களே 1950களிற் கணித்துக்காட்டினர். இருந்தும் உலக சுகாதார நிறுவனம் 1984 இல் விதந்துரைத்த வழிகாட்டி எல்லை இலீற்றருக்கு 1.5 மில்லிகிராம். இலங்கையின் நான்கு பிரதேசங்களைச் சேர்ந்த 14 வயது மாணவர்களின் பற்களைப் பரிசோதித்து 1992 இல் வெளியான ஆய்வு, 1 மில்லிகிராமுக்குக் குறைந்த நீரை அருந்தியோரிடையேயும் கறையைக் கண்டு, எமது வெப்பநிலைக்கு 0.8 மில்லிகிராமே உகந்த மேலெல்லை என முன்மொழிந்தது. அம்மாணவர்களின் முன்பற்கள் உருவான ஆண்டுகள் 1970களின் பிற்பகுதியும் 1980களின் தொடக்கமும் ஆகும்.