ஐந்தாவது எரிபொருள்: இலக்கு மட்டும் போதுமா?

மாணவர்களே, 1981-இல் மலேசியா எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரி, நீர்மின்சாரம் ஆகியவற்றை வைத்து நான்கு எரிபொருள் கொள்கையை வகுத்தது. எட்டாவது மலேசியத் திட்டத்தில் (2001–2005) புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஐந்தாவதாகச் சேர்ந்தது. 2005-க்குள் நாட்டின் மின்சாரத்தில் 5 விழுக்காடு என்பது இலக்கு. கிடைத்தது எவ்வளவு தெரியுமா? மின்கட்டமைப்பில் இணைந்தது வெறும் 12 மெகாவாட்!

ஏன் இப்படி ஆச்சு? செம்பனை ஆலைக் கழிவுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. ஆனால், அதிலிருந்து எடுக்கும் மின்சாரத்துக்குத் தொடக்கத்தில் கிடைத்த விலை, ஒரு கிலோவாட் மணிக்கு அதிகபட்சம் 17 சென்தான். அந்த விலையை நம்பிக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. அடுத்து, 2010-க்குள் 350 மெகாவாட் என்று இலக்கு வைத்தார்கள். அதையும் எட்ட முடியல.

திருப்பம் 2011-இல் வந்தது. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் விலையை உறுதி செய்தது: சூரிய சக்திக்கு 21 ஆண்டு, உயிரிக்கழிவுக்கு 16 ஆண்டு. பணம் எங்கிருந்து? மாதம் 300 கிலோவாட் மணிக்கு மேல் பயன்படுத்துவோரின் மின்கட்டணத்தில் கூடுதலாக 1 விழுக்காடு. சிறு குடும்பங்களுக்கு விலக்கு.

இன்றைய இலக்கு, 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு. தேர்வில் இதை எழுதும்போது எண்ணோடு நிறுத்திடாதீங்க. விலையை யார் உறுதி செய்வது, செலவை யார் ஏற்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 2005-இன் பாடம் அதுதான்.