அசையும் பொருளும் அசையா ஆதனமும்

கொழும்புச் செட்டியார் தெருவில் ஒருவர் ஐந்து பவுணில் ஒரு சங்கிலி வாங்குகின்றார் என்று வைத்துக்கொள்வோம். பணம் கைமாறுகின்றது, சங்கிலியும் கைமாறுகின்றது, அத்துடன் உரிமையும் மாறிவிடுகின்றது. அவரே அயலிலுள்ள கொட்டாஞ்சேனையில் இரண்டு பேர்ச் நிலம் வாங்க முற்பட்டால் நிலைமை வேறு. நொத்தாரிசு வேண்டும், சாட்சிகள் இருவர் வேண்டும், எழுத்தில் உறுதி வேண்டும், காணிப் பதிவகத்திலே பதிவும் வேண்டும். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் விலையன்று. பொருளின் இயல்பே காரணம். சங்கிலி அசையும் பொருள். காணி அசையா ஆதனம்.

நிலமும், நிலத்தோடு நிலைபெறப் பிணைந்தவையும் அசையா ஆதனமாகும். செங்கல் வண்டியில் இருக்கும்போது அசையும் பொருள். சுவரில் ஏறியபின் அது நிலத்தின் பகுதி. மரத்திலே தொங்கும் தேங்காய் காணியைச் சேர்ந்தது. பறித்துக் குவித்த தேங்காயோ கைப்பொருள். நிலத்தில் கட்டப்பட்டது நிலத்தைச் சாரும் என்பது உரோமர் வகுத்த விதி.

இங்கிலாந்தின் சட்டம் இதே பாகுபாட்டை 'ரியல்' என்றும் 'பேர்சனல்' என்றும் பெயரிட்டு வழங்கிற்று. 'ரியல்' என்பது இங்கே 'உண்மையான' என்னும் பொருளுடையதன்று. பொருளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. நிலத்தை இழந்தவர் வழக்காடி அந்நிலத்தையே மீளப் பெறலாம். பிற பொருளை இழந்தவருக்கோ பெரும்பாலும் ஈட்டுத்தொகையே கிடைக்கும். வழக்கின் வகையிலிருந்தே ஆதனத்தின் வகையும் பெயர் பெற்றது.

நம் நாட்டிற்கு இப்பாகுபாடு ஒல்லாந்தர் வழியாக வந்தது. 1656ஆம் ஆண்டிலே கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அவர்கள், உரோம ஒல்லாந்தச் சட்டத்தை இங்கு நிலைநாட்டினர். காணிகளையும் அவற்றுக்கு உரியவரையும் தோம்புகளில் எழுதி வைத்தனர். 1796இல் ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. எனினும், 1799ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆந் தேதிப் பிரகடனம் பழைய சட்டத்தையே தொடர்ந்து வழங்கச் செய்தது.

யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்களையும் ஒல்லாந்தர் எழுத்தில் ஏற்றினர். ஆளுநர் சிமோன்ஸ் பணித்தவாறு திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அவற்றைத் தொகுத்து 1707இல் அளித்தார். தமிழில் பெயர்க்கப்பட்ட அத்தொகுப்பைப் பன்னிரு முதலிமார் பார்த்து ஏற்றுக்கொண்டனர். அதுவே தேசவழமை. காணி விற்க எண்ணுவோர் அதனை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து கோயிலில் அறிவிக்க வேண்டும் என்ற ஒல்லாந்தர் கால முறையும் அதிலே காணப்படுகின்றது. பங்காளருக்கும் அயற்காணிக்காரருக்கும் முதலில் வாங்கும் உரிமை இருந்தமையால், விற்பனை ஊரறிய நடைபெற வேண்டியிருந்தது. மாட்டையோ நகையையோ மறைத்துக் கொண்டுபோகலாம். காணியை எவரும் கொண்டுபோக முடியாது. ஆனால், அதன்மீதுள்ள உரிமையைப் பொய்ச்சாட்சி ஒன்றினால் கொண்டுபோய்விடலாம். காணியை எழுத்தாலும் சாட்சியாலும் காக்க வேண்டிய தேவை இதனாலேயே எழுந்தது.

இத்தேவையை முழுமையாக நிறைவேற்ற வந்தது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம். நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில் இருக்க, கையொப்பமிட்ட எழுத்தின்றிக் காணி விற்பனை செல்லாது என்று அது விதித்தது. ஒரு மாதத்திற்கு மேற்படாத வாடகைக்கு மட்டும் விலக்களித்தது. வெள்ளவத்தையில் 'அனெக்ஸ்' ஒன்றை மாத வாடகைக்கு எடுப்பவர் நொத்தாரிசிடம் போவதில்லை. ஐந்தாண்டுக் குத்தகை எடுப்பவர் போகவேண்டியவராகின்றார். 1927ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் மற்றோர் எச்சரிக்கையைச் சேர்த்தது. முதலில் எழுதிய உறுதியானாலும், பதியாது பெட்டியில் பூட்டி வைத்தால், பின்னர் வஞ்சனையின்றி விலைகொடுத்து வாங்கிப் பதிந்தவரின் உறுதிக்கு அது தோற்றுப்போகக்கூடும்.

இப்பாகுபாடு மனிதர் வாழ்விலே எத்துணை ஆழமாகப் புகுந்துள்ளது என்பதை மணமான பெண்ணின் நிலையிலே காணலாம். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம், தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணின் சீதனத்தையும் முதுசத்தையும் அவளுடைய தனிச்சொத்தாக ஏற்றது. கணவனின் கடனுக்கு அது பொறுப்பாகாது என்றும் காத்தது. ஆயினும் ஒரு கோட்டை இட்டது. அசையும் பொருளை அவள் தன் விருப்பப்படி விற்கலாம். அசையா ஆதனத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் கைவிட்டுப் போனாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடி அனுமதி பெறவேண்டும்.

இச்சட்டம் ஆதனம் எங்கிருப்பினும் செல்லும். ஆகவே, தந்தை சீதனமாகக் கொடுத்த வெள்ளவத்தை வீடும் அதற்கு உட்பட்டதே. தாய் பூட்டிய காப்பை அவள் தனியே செட்டியார் தெருவில் விற்றுப் பிள்ளையின் படிப்புச் செலவைக் கட்டலாம். தன் பெயரிலேயே உள்ள வீட்டை அவ்வாறு விற்க இயலாது. தேசவழமைக்கு உட்படாத தமிழ்ப்பெண் ஒருத்தி அதே வீதியில் வாழ்கின்றாள் என்போம். 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்கள் ஆதனச் சட்டத்தின்படி, அவள் தன் வீட்டைத் தன் கையொப்பத்தாலேயே விற்கலாம். மொழி ஒன்று, வீதி ஒன்று, மதிலும் ஒன்று; உரிமையோ இரண்டு. பெண் காக்கப்படவேண்டும் என்ற எண்ணத்தில் அவ்விதி பிறந்திருக்கலாம். ஆயினும், சொத்துக்கு உரியவளே பிறர் சம்மதத்தை எதிர்பார்த்து நிற்பது காவலாகுமா என்பதைச் சிந்திக்கவேண்டும்.

காலம் புதிய வினாக்களையும் எழுப்பிற்று. வெள்ளவத்தையிலே பழைய தனிவீடுகள் பல மறைந்து தொடர்மாடிகள் எழுந்தன. நிலத்தில் கட்டியது நிலத்தைச் சாருமாயின், ஆறாம் மாடியில் வீடு வாங்கியவர் எதற்கு உரியவர்? 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி வீட்டுடைமைச் சட்டம் இதற்கு விடை தந்தது. அவ்வீடு தனி ஆதனமாகும். அடிநிலமும் படிக்கட்டும் கூரையும் உரியவர் அனைவருக்கும் பொதுவாகும். காலடியில் மண் இல்லாத வீடும் இவ்வாறு அசையா ஆதனமாயிற்று.

1983 ஜூலையில் கொழும்பிலே தமிழர் வீடுகள் பல எரிந்தன. நகையும் தளபாடமும் நூல்களும் போயின. அலுமாரியிலிருந்த உறுதிகளும் சாம்பலாயின. உறுதி எரிந்ததால் காணியே போயிற்று என்று கலங்கியோருக்கு இதனைச் சொல்லவேண்டியிருந்தது: உறுதி ஒரு காகிதம், அதுவும் அசையும் பொருளே. அது அழிந்ததனால் உரிமை அழிவதில்லை. நொத்தாரிசிடம் ஒரு படியும் காணிப் பதிவகத்தில் ஒரு படியும் இருக்கவேண்டும் என்பது விதி.

ஆகவே நேயர்களே, உங்கள் உறுதியின் இலக்கத்தையும் தேதியையும், நொத்தாரிசின் பெயரையும், பதிவேட்டின் பக்கத்தையும் வேறோரிடத்தில் எழுதி வையுங்கள். வீட்டிலுள்ள பெண்களுக்கும் அவற்றைத் தெரியப்படுத்துங்கள். கைப்பொருளைக் கைதான் காக்கும். காணியைக் காப்பது எழுத்தே.